பதினோரு மாத ஒப்பந்தத்தில் ஒரு மாதுளை

அட்டைப்பெட்டி எங்கள் கட்டிலைவிட நீளம்.
ஹொரமாவு, மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது.
ஓடிபி வாங்கிக்கொண்டு
கேட்டருகிலேயே இறக்கிவிட்டுப் போனான் டெலிவரிப் பையன்.

நாலு தகரச் சுவர், இரண்டு குறுக்குக் கம்பி,
முப்பத்திரண்டு போல்ட்டு, வளைந்த சாவி ஒன்று.
விளக்கத் தாளின் முதல் படத்தில்
முகமில்லாத ஒருவன் தனியாகத் தூக்குகிறான்,
அவன்மேல் பெருக்கல் குறி.
அடுத்த படத்தில் இரண்டு பேர். டிக்.
"நம்மளத்தான் வரஞ்சிருக்கான்" என்றான் ஜெபசிங்.
நான் பதில் சொல்லவில்லை.
வாடகை வீட்டுக்கு எதற்கு இவ்வளவு பெரிசு
என்ற சண்டை காலையிலிருந்து ஆறாமல் கிடந்தது.

எல்லாவற்றையும் முதலில் தளர்வாக மாட்டு,
கடைசியில் இறுக்கு என்கிறது தாள்.
நான் முதல் மூலையிலேயே முறுக்கித் தள்ளினேன்.
நாலாவது மூலை அரை விரல் விலகி நின்றது.
கழற்றினோம்.
தகர விளிம்பு அவன் கட்டைவிரலைக் கீறியபோது
ஐயோ என்றேன்.
அன்று நான் அவனிடம் பேசிய முதல் சொல்.

கீழ்வீட்டு சதாசிவ ராவ்
பொதுப்பணித்துறையில் இருந்தவர்,
சாக்பீஸோடு வந்து தரையில் கோடு போட்டார்.
"பீம் இங்க போகுது. இதுமேல வைங்க, நடுவுல வேணாம்.
நனஞ்சா நானூறு கிலோ."

வெறும் பெட்டி ஒற்றைக் கைக்கு நகர்ந்தது.
கிழக்கே தள்ளினேன், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்தேன்,
திரும்ப ராவின் கோட்டுக்கு.
இப்பவே முடிவு பண்ணு, ரொப்பின பிறகு
ஓனரே வந்தாலும் அசையாது என்றான்.
அடியில் எட்டு செங்கல், உள்ளே உடைந்த ஓடு,
செம்மண் இரண்டு பங்கு, தேங்காய்நார் ஒன்று, எரு ஒன்று.
ஆறாவது மூட்டையோடு படி எண்ணுவதை விட்டேன்.

பதினோரு மாத ஒப்பந்தம்.
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று இருந்தது.
மண்ணைப் பற்றி ஒன்றுமில்லை.

தக்காளி ஏமாற்றியது. மாதுளை பிடித்துக்கொண்டது.
டேங்கர் வராத மார்ச்சில்
அரிசி களைந்த தண்ணீர் அதற்கு,
ஆர்ஓ குழாயின் கழிவும் அதற்கு.
ஐப்பசி மழையில் அடி ஓட்டைகள் அடைத்து
பெட்டி குளமாக நின்றது.
ராவ் வீட்டு சீலிங்கில் ஈரம் ஒரு நாடுபோல் விரிந்தது.
குடையோடு வந்தவர், திட்டுவார் என்று நின்றோம்,
மண்டியிட்டு ஓட்டைக்குள் கம்பி விட்டார்.

ஒப்பந்தத்தை மூன்று தடவை புதுப்பித்தோம்.
நாலாவது தடவை புட்டம்மா மேலே வந்தார்.
மகள் திரும்பி வருகிறாளாம். இரண்டு மாதம் டைம்.

தாளைக் கடைசிப் படத்திலிருந்து படித்தோம்.
துருப்பிடித்த போல்ட்டுக்குத் தேங்காய் எண்ணெய்.
ஒரு சுவர் படுத்தது.
இன்னொன்று.
நாலும் படுத்த பிறகும் மண் விழவில்லை.
பெட்டி வடிவிலேயே நின்றது,
பக்கமெல்லாம் வேர் பின்னி,
தகரத்தின் வரிவரியான மடிப்பைக்கூட
அப்படியே அச்செடுத்து வைத்துக்கொண்டு.
ஜெபசிங் இரண்டு விரலால் தொட்டான்,
தூங்குகிறவரை எழுப்பலாமா என்று பார்க்கிற மாதிரி.
ரொம்ப நேரம் மண்வெட்டியை யாரும் எடுக்கவில்லை.

ஒன்பது சாக்கு மண்ணை ராவ் வாங்கிக்கொண்டார்.
"பாதி ஏற்கெனவே என் வீட்டுக்கு வந்துடுச்சு,
மிச்சமும் வரட்டும்."
கிளை வெட்டிய மாதுளை பெயின்ட் டிரம்மில்,
கட்டிய சுவர்கள் டெம்போவில் கட்டிலோடு,
ஊறுகாய் பாட்டிலில் முப்பத்தொரு போல்ட்டு.

சாவி கொடுக்கப் போனபோது
புட்டம்மா மாடியில் நின்றிருந்தார்.
மூன்று வருஷம் வெயில் படாத நீள்சதுரம்,
அதன் ஓரத்தில் திசை தெரியாத எறும்புகள்.
இது போகாதா என்று கேட்டார்.
மழை வந்தா போயிடும்மா என்றேன்.
எனக்கு எப்படித் தெரியும்.